நம்மைவிட வேகமானவர்களோடு முதல் குரூப் ரைடு: போகலாமா, வேண்டாமா?

கேள்வி | 5 பிப்ரவரி 2024, மாலை 6:40

எட்டு மாதமாகத் தனியாகத்தான் ஓட்டுகிறேன். ஹைப்ரிட் சைக்கிள் (ரோடு பைக்குக்கும் சாதா சைக்கிளுக்கும் நடுவில் ஒன்று), 32 மில்லிமீட்டர் டயர். சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில், திருவான்மியூரில் இருந்து முட்டுக்காடு பாலம் வரை போய்த் திரும்பினால் சராசரி மணிக்கு 23 கிலோமீட்டர் வரும், நல்ல நாளில் 24. ஆபீஸில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை குரூப் ஒன்றில் சேர்த்துவிட்டார். மகாபலிபுரம் போய் வருவார்களாம். "28-30, ஈஸி பேஸ்" என்று போட்டிருக்கிறார்கள். சேர்த்துவிட்டவரே இந்த வாரம் வரவில்லை. வேறு யாரையும் தெரியாது, எல்லாரும் ரோடு பைக், அதாவது மெல்லிய டயர் போட்ட வேகமான சைக்கிள். போனால் மானம் போகுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

5 பிப்ரவரி, இரவு 10:10 | பதில்

போகாதீர்கள்.

5 பிப்ரவரி, இரவு 10:50

ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் படுத்தால் தூக்கம் வரவில்லை. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் 21ஆம் தேதி நானும் இதே மாதிரி ஒரு குரூப்போடு போனேன். எனக்கு வயது 47. என்னுடையதும் ஹைப்ரிட்தான். தனியாக ஓட்டினால் 24 வரும், ஆக உங்கள் கேஸும் என் கேஸும் ஒன்று. "ஈஸி பேஸ்" என்று இவர்கள் எழுதுவது, விருந்துக்குக் கூப்பிடுகிறவர்கள் "சிம்பிளா ரசம் அப்பளம்தான்" என்று சொல்வது மாதிரி. போய் உட்கார்ந்தால் இலையில் இடம் இருக்காது.

காலை 5 மணிக்குக் கிளம்பினோம். பதினோரு பேர். யாரும் யாரையும் அறிமுகம் செய்யவில்லை. "கிளம்பலாமா?" என்றார் ஒருவர், பத்துப் பேரும் ஷூவை பெடலில் க்ளிக் க்ளிக் என்று மாட்டினார்கள். நான் மட்டும் செருப்புக்கு அக்கா முறையான ஒரு கேன்வாஸ் ஷூ. போகும்போது எப்படியோ ஒட்டிக்கொண்டு போய்விட்டேன். திரும்பும்போது சாளுவன்குப்பம் பக்கத்தில் கழற்றிவிட்டுவிட்டார்கள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெயிலில் 40 கிலோமீட்டர் தனியாக வந்தேன்.

ஆகவே போகாதீர்கள். தனியாக ஓட்டுவதில் ஒரு குறையும் இல்லை.

6 பிப்ரவரி, காலை 7:05

ராத்திரி எழுதியதைப் படித்தால் கொஞ்சம் புலம்பலாக இருக்கிறது. கணக்காகச் சொல்கிறேன்.

24க்கும் 29க்கும் வித்தியாசம் ஐந்துதானே, கொஞ்சம் அழுத்தி மிதித்தால் போச்சு என்றுதான் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். 24இல் இருந்து 29க்குப் போனால் கிட்டத்தட்ட 46 சதவீதம் கூடுதலாக உழைக்க வேண்டும். அதை மூன்று மணி நேரம் தாங்குமா?

6 பிப்ரவரி, காலை 9:30

தப்பு. கீழே ஒருவர் சரியாகக் குட்டியிருக்கிறார். வர்க்கமாக ஏறுவது எதிர்ப்பு விசை. அந்த விசையை எதிர்த்து இன்னும் வேகமாகவும் நகர வேண்டும் இல்லையா, அதனால் கால் போட வேண்டிய சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். 24இல் இருந்து 29 என்றால் காற்றுக்கு மட்டும் ஏறக்குறைய 76 சதவீதம் கூடுதல். டயர் உராய்வு தனி, அது இந்த அளவுக்கு ஏறாது.

பிளஸ் டூவில் பிசிக்ஸ் 160 மார்க் என்று இதுவரை சொல்லிக்கொண்டு திரிந்தேன். இனி சொல்ல மாட்டேன்.

6 பிப்ரவரி, பகல் 1:20

சாப்பாட்டு நேரத்தில் மிச்சக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். நான் சொன்னதற்கு நேர் எதிராக வருகிறது. என்ன செய்வது, எழுதித்தான் ஆக வேண்டும்.

அந்த 76 சதவீதம் தனியாக, காற்றை நெஞ்சில் வாங்குகிறவனுக்கு. முன்னால் போகிறவரின் பின் சக்கரத்தை ஒட்டிப் போனால் காற்றுக்கான உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சம். அப்படிப் பார்த்தால் 29இல் ஒருவர் பின்னால் ஒளிந்து போவது, தனியாக 25, 25.5இல் ஓட்டுவதற்குச் சமம். 25 நம்மால் முடியாத வேகமா? இல்லை. இரண்டு டீ குடித்தால் ஓட்டிவிடலாம்.

அதனால்தான் போகும்போது என்னால் 45 கிலோமீட்டர் ஒட்டிக்கொள்ள முடிந்தது. கால் பலம் என்று நினைத்துக்கொண்டேன். அது கால் இல்லை, முன்னால் போனவருடைய முதுகு.

6 பிப்ரவரி, பகல் 1:35

முதுகு என்றதும் நினைவு வருகிறது. பாதி அந்த முதுகு, மீதி காற்று. ஜனவரியில் நம் கடற்கரையில் வடகிழக்கில் இருந்து காற்று. திருவான்மியூரில் இருந்து தெற்கே போகும்போது அது பின்னால் இருந்து தள்ளும். காது ஓரத்தில் சத்தமே இருக்காது. சத்தம் இல்லாத காற்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, எல்லாம் தன் சாமர்த்தியம் என்றே தோன்றும். மகாபலிபுரத்தில் டீ குடிக்கும்போது பக்கத்தில் இருந்தவரிடம் "இன்னிக்கு கால் நல்லா இருக்கு" என்று சொன்னேன். அவர் சிரித்தார். ஏன் சிரித்தார் என்று திரும்பும்போது விளங்கியது.

7 பிப்ரவரி, இரவு 9:45

"ஒட்டிப் போவது எப்படி, பயமாக இருக்காதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பயமாகத்தான் இருக்கும்.

முன்னால் போகிறவரின் சக்கரத்தையே முறைத்துப் பார்த்தால் பத்தே நிமிடத்தில் தலை சுற்றும். முன்னால் இருப்பவரின் இடுப்பைப் பாருங்கள், அவர் தோளுக்கு மேலாக ரோட்டையும் பாருங்கள். முதல் நாள் ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி விட்டால் போதும். காற்று மறைவு கொஞ்சம் குறையும், உயிர் இருக்கும். எந்தக் காரணத்துக்காகவும் உங்கள் முன் சக்கரம் அவர் பின் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழையக்கூடாது. அவர் ஒரு குழியைத் தவிர்க்க ஓர் அடி நகர்ந்தால் இரண்டு சக்கரமும் உரசும். உரசினால் அவருக்கு ஒன்றும் ஆகாது, பின்னால் இருக்கிற நாம்தான் விழுவோம். நமக்குப் பின்னால் வருகிறவர் நம் மேல்.

எழுந்து நின்று மிதிக்கும்போது சைக்கிள் ஒரு கணம் பின்னுக்கு வரும். தனியாக ஓட்டுகிறவனுக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் பின்னால் ஆள் இல்லை. முட்டுக்காடு பாலத்தில் நான் எழுந்து நின்றபோது பின்னால் "சார்ர்ர்" என்று ஒரு குரல் வந்தது. அன்று முழுக்க அந்த ஆள் எனக்குப் பின்னால் வரவே இல்லை, வேறு சக்கரம் தேடிக்கொண்டார்.

பிரேக்கைப் பட்டென்று பிடிக்கக்கூடாது. பெடலைத் திடீரென நிறுத்தவும் கூடாது. கொஞ்சம் வெளியே நகர்ந்து காற்று வாங்கினாலே வேகம் குறையும், பிரேக்கே வேண்டாம். இது எனக்கு மூன்றாவது ரைடில்தான் கைவந்தது.

7 பிப்ரவரி, இரவு 10:00

ஆமாம், மூன்றாவது ரைடு. "போகாதீர்கள்" என்று எழுதினேன்தான், ஆனால் அந்த 21ஆம் தேதிக்கு அப்புறம் இரண்டு தடவை நானே போய் வந்திருக்கிறேன். கண்டுபிடித்துக் கேட்டவருக்கு வணக்கம்.

8 பிப்ரவரி, காலை 6:50

கை ஜாடைகள். இதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி அவமானம் குறைந்திருக்கும்.

தரையைக் காட்டினால் குழி. வாயாலும் "ஹோல்!" என்பார்கள். பின்னால் வண்டி வந்தால் "கார் பேக்!" இதெல்லாம் புரிந்துவிடும். முதுகுக்குப் பின்னால் கையை வைத்து ஒரு பக்கமாக விசிறினால், ஓரத்தில் ஏதோ நிற்கிறது, கை விசிறுகிற பக்கமாக விலகு என்று அர்த்தம். உத்தண்டி தாண்டி நின்றிருந்த ஒரு தண்ணீர் லாரி வரும் முன் லீட், அதாவது குரூப்பை நடத்திப் போகிறவர், இப்படி விசிறினார். என்னைத்தான் முன்னால் கூப்பிடுகிறார் என்று நினைத்து நான் வேகமெடுத்து வெளியே போனேன். பின்னால் வந்த காரின் ஹார்ன் இன்னும் காதில் இருக்கிறது.

உண்மையில் முன்னால் கூப்பிடும் ஜாடை முழங்கையை இரண்டு தடவை வெளிப்பக்கம் ஆட்டுவது. "என் முறை முடிந்தது, நீ வா" என்று பொருள். ஒருவர் எனக்கு அதைச் செய்தார். கொசு கடிக்கிறது போல என்று நினைத்து சும்மா இருந்துவிட்டேன். பாவம், மூன்று கிலோமீட்டர் ஆட்டினார்.

8 பிப்ரவரி, இரவு 11:15

"கழற்றிவிட்டதைப் பற்றி விவரமாகச் சொல்லுங்கள், ஏன் முடியாமல் போனது?" என்ற கேள்விக்கு.

மகாபலிபுரத்தில் திரும்பியதும் காற்று மூஞ்சியில். இரண்டு கிலோமீட்டர் போனதும் இந்தத் தடவை முழங்கை புரிந்தது, முன்னால் போனேன். என் வாழ்க்கையில் முதல் முறையாகப் பத்துப் பேர் எனக்குப் பின்னால். வண்டி 28இல் போய்க்கொண்டிருந்தது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? அதே 28இல் ஒரு நிமிடம் போய்விட்டு ஒதுங்கியிருக்க வேண்டும். நான் 33க்கு ஏற்றினேன். ஹைப்ரிட்காரன் யார் என்று காட்ட வேண்டாமா?

பின்னால் இருந்து ஒரு பெண் குரல், "சார், ஸ்பீடு ஏத்தாதீங்க, அதே ஸ்பீடு." கேட்காத மாதிரி இருந்தேன். நான்கு நிமிடம் போயிருப்பேன். தொடை எரிந்தது, மூச்சு விசிலடித்தது. ஒதுங்கினேன்.

அப்போதுதான் சிக்கல். ஒதுங்கினால் வேலை முடிந்துவிடாது. வரிசை நம்மைக் கடந்து போகும், கடைசி ஆள் கடக்கும்போது அவர் சக்கரத்தைப் பிடிக்க மறுபடி ஒரு அழுத்து அழுத்த வேண்டும். இருப்பதை எல்லாம் முன்னாலேயே செலவழித்துவிட்டவனிடம் அந்த ஓர் அழுத்து இருக்காது. இரண்டு சைக்கிள் நீளம் விட்டுப் போயிற்று, நாலாயிற்று. எதிர்காற்றில் பத்து மீட்டர் என்பது தாம்பரத்துக்கும் திருத்தணிக்கும் உள்ள தூரம்.

அதோடு வேகத்தடை. முதல் ஆள் தடைக்கு முன் 15க்கு இறங்கி, தாண்டியதும் 28க்கு ஏறிவிடுவார். அவர் 28 தொடும்போது கடைசி ஆள் இன்னும் தடை மேலேயே இருப்பான். அவன் எட்டிப் பிடிக்க 34, 35 போக வேண்டும். ஒவ்வொரு தடைக்கும் முன் ஆளுக்கு ஒரு சிரமமும் இல்லை, வால் ஆளுக்கு ஒரு ஸ்பிரிண்ட். பலவீனமானவன் மரியாதையாகக் கடைசியில் போகிறேன் என்று நினைப்பான். அதுதான் இருப்பதிலேயே கஷ்டமான இடம். மூன்றாவது, நான்காவது இடத்தில் உட்காருங்கள். வெட்கப்படாதீர்கள்.

9 பிப்ரவரி, காலை 8:20

காலி வயிறு. இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலை நாலரைக்கு ஒரு காபி, மகாபலிபுரத்தில் ஒரு டீ, அவ்வளவுதான். உடம்பு சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து, அழுத்தி ஓட்டினால் ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துபோகும். அப்புறம் வருவது பசி இல்லை. பசி என்றால் வயிறு சொல்லும். இது சொல்லாது. காலை மிதிக்கச் சொன்னால் கால் "யார் நீ?" என்று கேட்கும். போர்டில் எழுதியிருப்பதைப் படிக்க இரண்டு முறை பார்க்க வேண்டியிருந்தது.

இப்போதெல்லாம் முக்கால் மணிக்கு ஒரு தடவை ஏதாவது வாயில் போட்டுவிடுகிறேன். கடலைமிட்டாய் மூன்று, வாழைப்பழம் இரண்டு, தண்ணீரில் உப்பும் சர்க்கரையும். விலை உயர்ந்த ஜெல் பாக்கெட் வாங்கி ஒருநாள் சாப்பிட்டேன். இருமல் மருந்தை நக்கின மாதிரி இருந்தது.

9 பிப்ரவரி, இரவு 10:30

ஒரு விஷயத்தைச் சரிசெய்ய வேண்டும்.

5ஆம் தேதி "திரும்பிக்கூடப் பார்க்கவில்லை" என்று எழுதினேன். இன்று ஸ்ட்ராவாவில் (ரைடைப் பதிவு செய்து வைக்கும் ஆப்) அந்த ரைடைத் திறந்து எந்த இடத்தில் விட்டுப்போனேன் என்று தேடினேன். பட்டிப்புலத்துக்குக் கொஞ்சம் முன்னால் நான்கு நிமிடம் நின்றிருக்கிறேன். ஏன் நின்றேன் என்று யோசித்தால் முழுசாக நினைவு வந்துவிட்டது.

நீல ஜெர்சி போட்ட ஒருவர் திரும்பி வந்தார். முப்பது வயது இருக்கும். "ஓகேவா சார்? என் வீல் பிடிச்சுக்கோங்க, மெதுவா போலாம்" என்றார். நான் சைக்கிளை நிறுத்தி, பாக்கெட்டில் இருந்து போனை எடுத்துக் காதில் வைத்து, "நீங்க போங்க தம்பி, வீட்டுல இருந்து முக்கியமான போன்" என்றேன். அவர் ஒரு நிமிடம் தள்ளி நின்றார். நான் ஆள் இல்லாத போனில் "ம்… ம்… சரி… டாக்டர் என்ன சொன்னார்?" என்று பேசினேன். கையைக் காட்டி அவரைப் போகச் சொன்னேன். அப்புறம்தான் அவர் போனார்.

ஆக, அவர்கள் என்னைக் கழற்றிவிடவில்லை. நான்தான் அனுப்பிவைத்தேன். இத்தனை நாள் மனைவியிடமும் அவர்களைத்தான் குறை சொல்லியிருக்கிறேன்.

9 பிப்ரவரி, இரவு 10:40

டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்கிறவர்களுக்கு: "நடிக்காதே" என்றார்.

10 பிப்ரவரி, காலை 7:30

நாளை போகப் போகிறேன் என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். சரி, போங்கள். 5ஆம் தேதி சொன்னதை அடித்துவிடுங்கள்.

கிளம்பும் முன் லீடைத் தேடிப்பிடித்து நாலு வாக்கியம் சொல்லுங்கள். "முதல் தடவை. தனியா 24 ஓட்டுவேன். முன்னால டர்ன் எடுக்க மாட்டேன். முடியலைன்னா சொல்றேன்." டர்ன் எடுக்காமல் நடுவில் உட்கார்ந்து வருவது முதல் நாள் ஆளுக்குத் தப்பே இல்லை, யாரும் கணக்குக் கேட்பதில்லை. விட்டுப்போனால் காத்திருப்பார்களா என்றும் கேட்டுவிடுங்கள். சில குரூப்பில் ஆளை விட்டுப் போவதில்லை என்பது விதி, சிலதில் அவரவர் பாடு. இரண்டும் நியாயம்தான், முன்கூட்டித் தெரிந்தால் போதும். நான் கேட்கவில்லை. கேட்டால் பலவீனம் தெரிந்துவிடுமாம். சைக்கிளைப் பார்த்தாலே தெரியும், அது எனக்குத்தான் தெரியவில்லை.

ஹெல்மெட், பின் விளக்கு, ஒரு ட்யூப், பம்ப். பம்ப் உங்கள் வால்வுக்குப் பொருந்துகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஏன் என்று கேட்காதீர்கள்.

10 பிப்ரவரி, இரவு 8:15

கேட்டுவிட்டீர்கள். அப்புறம் சொல்கிறேன்.

அதற்கு முன் பக்கக்காற்று. நம் ரோட்டுக்கே உரிய வம்பு இது. வெயில் ஏறியதும் கடல் காற்று கிழக்கில் இருந்து அடிக்க ஆரம்பிக்கும். பக்கத்தில் இருந்து காற்று வந்தால் மறைவு நேர் பின்னால் கிடைக்காது, எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து பின்னால் கிடைக்கும். தெற்கே போகும்போது கடல் நமக்கு இடது பக்கம், அதனால் மறைவு வலது பின்பக்கம். அதாவது ரோட்டு நடுவில், பஸ்ஸும் காரும் வருகிற இடத்தில். அந்த மறைவு நமக்கு வேண்டாம், காற்றை வாங்கிக்கொண்டே ஓரமாகப் போக வேண்டியதுதான். வடக்கே திரும்பும்போது கடல் வலது பக்கம், மறைவு இடது பின்பக்கம். அங்கே மண். வழவழவென்று கடற்கரை மணல். டிவியில் பந்தயக்காரர்கள் ரோட்டை முழுசாக அடைத்துக் குறுக்குச் சாய்வாகப் போவதைப் பார்த்துவிட்டு நாம் செய்யக்கூடாது. அவர்களுக்கு ரோட்டை மூடிக் கொடுத்திருக்கிறார்கள்.

11 பிப்ரவரி, பகல் 12:40 | கேள்வி கேட்டவர்

போய்விட்டு வந்தேன்! நாலு வாக்கியமும் சொன்னேன். லீட் ஒரு அக்கா. "நாலாவதா வாங்க, என் கண்ணுல இருங்க" என்றார். போகும்போது சூப்பர். திரும்பும்போது நெம்மேலியில் விட்டுவிட்டேன். சொன்னேன், ஒருவர் கூட வந்தார். 25இல் இருவரும் கோவளம் வரை வந்தோம், அங்கே எல்லாரும் இளநீர் குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். 91 கிலோமீட்டர். சராசரி 26.4! உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே டைப் அடிக்கிறேன்.

11 பிப்ரவரி, பகல் 1:10

26.4! சபாஷ். கொஞ்சம் வயிற்றெரிச்சலாகவும் இருக்கிறது, மறைப்பானேன். என் முதல் நாள் சராசரி 24.8.

"என் கண்ணுல இருங்க." அந்தக் குரலை எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். "ஸ்பீடு ஏத்தாதீங்க" குரல்.

12 பிப்ரவரி, இரவு 10:05

கோவளம், இளநீர் என்று அவர் எழுதியதும் ஒருவர் சரியாகக் கொக்கி போட்டிருக்கிறார்: "அப்போ உங்களுக்கும் கோவளத்தில் காத்திருந்திருப்பார்களே?"

காத்திருந்தார்கள்.

போன் பேசி முடித்த பிறகு, அதாவது நடித்து முடித்த பிறகு, உடனே கிளம்பவில்லை. அவர்கள் பார்வையில் இருந்து போகட்டும் என்று வந்த வழியே திரும்பிச் சாளுவன்குப்பத்துக்குப் போனேன். புலிக்குகை பக்கத்தில் 2004 சுனாமிக்குப் பிறகு மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்ட முருகன் கோயில் இருக்கிறதே, அதை இத்தனை வருடமாகப் பார்த்ததில்லை. பல்லவர் காலத்துக் கருங்கல்லுக்குக் கீழே அதைவிடப் பழைய செங்கல் கட்டுமானம். வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். பெரிய பெரிய செங்கல். வடக்குப் பார்த்த வாசல். எனக்கும் போக வேண்டியது வடக்கு, காற்று வருவதும் வடக்கு. முருகனாலேயே திரும்பி உட்கார முடியவில்லை என்று நினைத்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். மனசு கொஞ்சம் தணிந்தது. விட்டுப்போனதில் கிடைத்த ஒரே லாபம் அது.

அப்புறம் கிளம்பி, முக்கி முக்கி, திருவிடந்தை தாண்டியதும் பின் டயர் பொத்தென்று உட்கார்ந்தது. பம்ப் இருந்தது. ட்யூப் இல்லை. தள்ளிக்கொண்டு கோவளம் வந்தால் பத்துப் பேரும் அங்கே நிற்கிறார்கள். அரை மணிக்கும் மேலாக. இட்லி சாப்பிட்டு, இளநீர் குடித்து, எனக்கு ஒரு இளநீர் சீவாமல் வாங்கி வைத்து.

12 பிப்ரவரி, இரவு 10:20

மேலே உள்ளதை அனுப்பிவிட்டுக் கொஞ்சம் எழுந்து நடந்தேன்.

நீல ஜெர்சிக்காரர் முதலில் கேட்டது "வீட்டுல எல்லாரும் ஓகேவா சார்?" என்றுதான். பஞ்சரைப் பார்த்து இல்லை. "டாக்டர்னு சொன்னீங்களே." எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "ஒண்ணும் இல்ல தம்பி, பிபி மாத்திரை மாத்தணுமாம்" என்று இன்னொரு பொய்.

அவருடைய ட்யூபை எடுத்து, ஏழு நிமிடத்தில் மாற்றினார்கள். ஒருவர் சக்கரத்தைக் கழற்ற, ஒருவர் டயருக்குள் விரல் ஓட்டி முள்ளைத் தேட, ஒருவர் என் பம்பை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவர்கள் ட்யூபில் பிரெஸ்டா வால்வு, பென்சில் மாதிரி ஒல்லியானது. என் பம்ப் மோட்டார் பைக் டயரில் இருப்பது மாதிரி தடித்த வால்வுக்கு மட்டும்தான் பொருந்தும். பம்பை இன்றைக்கே பாருங்கள் என்று 10ஆம் தேதி சொன்னது இதனால்தான்.

அங்கிருந்து உத்தண்டி டோல் வரை நீல ஜெர்சிக்காரர் எனக்கு முன்னால் 22இல் வந்தார். "வெயிலில் 40 கிலோமீட்டர் தனியாக வந்தேன்" என்று எழுதினேன் அல்லவா? உத்தண்டிக்குப் பிறகு தனியாக வந்தது சுமார் 15. வெயில் மட்டும் உண்மை.

13 பிப்ரவரி, காலை 9:00

திட்டுகிறவர்கள் திட்டுங்கள். "இந்தப் பதிவு முழுக்கப் பொய்" என்பது மட்டும் அதிகம். மும்மடிக் கணக்கு சரி.

19 பிப்ரவரி, இரவு 9:20

பேச்சு எங்கேயோ போய் 200 கிலோமீட்டர் ப்ரெவே (நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ரைடு) பக்கம் திரும்பியிருக்கிறது. வேகமானவர்களோடு போக பயம் என்றால் அங்கே போகலாமே என்கிறார்கள். நல்ல யோசனை. 200க்கு 13 மணி 30 நிமிடம் கொடுக்கிறார்கள். டீ, சாப்பாடு, பஞ்சர் எல்லாம் சேர்த்து மணிக்குச் சராசரி 15 வந்தால் போதும். முதலில் வந்தவனுக்கும் கடைசியில் வந்தவனுக்கும் ஒரே மரியாதை. மெதுவாக ஓட்டுகிறவர்களுக்கு என்றே கட்டிய கோயில் மாதிரி.

ஆனால் அது வேறு பாடம். அங்கே பொறுமை கற்கலாம். இன்னொருவர் சக்கரத்துக்கு ஒரு முழம் பின்னால் நிம்மதியாக மிதிப்பது அங்கே வராது. எனக்கு வேண்டியது இரண்டாவது.

26 பிப்ரவரி, காலை 7:15

நேற்று நானும் கேள்வி கேட்டவரும் ஒரே குரூப்பில் போனோம். ஆளை இப்போதுதான் நேரில் பார்க்கிறேன். என்னைவிட பதினாறு வயது சின்னவர், "சார், டாக்டர் என்ன சொன்னார்?" என்றுதான் அறிமுகமே செய்துகொண்டார். பத்துப் பேர் சிரித்தார்கள். எல்லாரும் இதைப் படித்திருக்கிறார்கள் போல.

புதிதாக ஒரு பையன் வந்திருந்தான், காலேஜ் படிப்பவன், நல்ல கால். முட்டுக்காட்டில் முன்னால் போனதும் 36க்கு ஏற்றினான். என் வாயில் "தம்பி, அதே ஸ்பீடு" என்று வந்துவிட்டது. அவனும் கேட்காத மாதிரி இருந்தான். திரும்பும்போது அவன் விட்டுப்போகவில்லை, நான்தான் மறுபடி விட்டேன். பட்டிப்புலத்திலேயே. கையைத் தூக்கி "முடியலை" என்று சத்தமாகச் சொன்னேன். அவ்வளவு கஷ்டமான வார்த்தை இல்லை. வேகம் 26க்கு இறங்கியது, நான் நாலாவது இடத்துக்குப் போனேன்.

நீல ஜெர்சிக்காரர் நேற்று வரவில்லை. அவருக்குத் திருப்பித் தர வாங்கிய ட்யூப் ஐந்து வாரமாக என் பையில் இருக்கிறது.

3 மார்ச், பகல் 11:50

இன்று வந்தார். மஞ்சள் ஜெர்சி. அடையாளமே தெரியவில்லை. கோவளத்தில் ட்யூபை எடுத்து நீட்டினேன், போன் விஷயத்தையும் சொல்லிவிட்டேன். "தெரியும் சார்" என்றார். "ரிங் டோன் கேக்கவே இல்ல. ஸ்கிரீனும் லைட் எரியல."

ட்யூப் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் இன்னும் பலமாகச் சிரித்தார். நான் வாங்கியது தடித்த வால்வு. அவருடைய ரிம்மில் துளை சின்னது, நுழையாது. பம்புக்கு அத்தனை பேச்சு பேசினவன் ட்யூப் வாங்கும்போது பெட்டியைப் படிக்கவில்லை.

கேள்வி கேட்டவருடைய ஹைப்ரிட்டுக்குச் சரியாக இருந்தது. அவர் பையில் போட்டுக்கொண்டார். ஆக நீல ஜெர்சிக்காரருக்கு, மஞ்சள் ஜெர்சிக்காரருக்கு, இன்னும் ஒரு ட்யூப் பாக்கி.